1,700 பேருக்கு ஒரு நாடாளுமன்றம்: நியூவே தீவின் கதை

இன்னைக்கு நாம பேசப்போற நாட்டோட மொத்த மக்கள்தொகை சுமார் 1,700. ஒரு பெரிய அபார்ட்மென்ட் வளாகத்துல இதைவிட அதிகம் பேர் இருப்பாங்க. ஆனா இவங்களுக்குத் தனியா ஒரு நாடாளுமன்றம் இருக்கு, பிரதமர் இருக்கார், கொடி இருக்கு, இரண்டு எழுத்துல ஒரு இணைய முகவரியும் இருக்கு. பிக்காச்சு படம் போட்ட நாணயம் கூட இருக்கு. அதுக்கு அப்புறம் வர்றேன்.

நாட்டோட பேர் நியூவே. பசிபிக் பெருங்கடல்ல, நியூசிலாந்துக்கு வடகிழக்கே சுமார் 2,400 கிலோமீட்டர் தள்ளி இருக்கு. மேற்கே டோங்கா, வடக்கே சமோவா, கிழக்கே குக் தீவுகள். இந்த மூணுக்கும் நடுவுல தன்னந்தனியா ஒரே ஒரு தீவு. "நியூ" என்றால் அவர்கள் மொழியில் தேங்காய். "இதோ பார், தேங்காய்!" என்பதுதான் நாட்டின் பெயருக்குச் சொல்லப்படும் பொருள். எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருக்கு. கரை ஒதுங்கினவங்க முதல்ல எதைப் பார்த்து நிம்மதி அடைஞ்சாங்கன்னு அந்தப் பேரே சொல்லிடுது.

பசிபிக் தீவுன்னா நம்ம மனசுல வர்ற படம் என்ன? வெள்ளை மணல், நீல நிறத்துல ஒரு உப்பங்கழி, சாய்ஞ்ச தென்னை. நியூவேல தென்னை உண்டு, மத்தது எதுவும் பெருசா கிடையாது. இது கடலுக்கடியிலிருந்து மேலே தூக்கப்பட்ட ஒரு பவளத் திட்டு. உலகத்துல இந்த வகையில பெரிய தீவுகள்ல ஒண்ணு, சுமார் 260 சதுர கிலோமீட்டர். சுத்திலும் செங்குத்தான சுண்ணாம்புப் பாறை. தீவு முழுக்கவே ஓட்டை ஓட்டையான பாறைங்கிறதால பெய்யற மழை அப்படியே கீழே இறங்கிடும். ஒரு ஆறு கிடையாது, ஓடை கிடையாது. குடிக்கத் தண்ணி வேணும்னா, பாறைக்குள்ள தேங்கி நிக்கிற நிலத்தடி நீரை இறைக்கணும், இல்லைன்னா மழைநீரைப் பிடிச்சு வைக்கணும்.

ஆறு இல்லாததுல ஒரு லாபமும் இருக்கு. சேறு, மண் எதுவும் கடலுக்குப் போறதில்லை. அதனால அங்கே கடல் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும். ஜூலையிலிருந்து அக்டோபர் வரைக்கும் கூனல் திமிங்கிலங்கள் குட்டியோட கரை ஓரமாவே வந்து போகும். பாறை மேல நின்னே பார்க்கலாம்.

ஆனா துறைமுகம் கிடையாது. சரக்குக் கப்பல் ஆக்லாந்திலிருந்து வந்தா, கொஞ்சம் தள்ளி நிக்கும். படகுல சரக்கை மாத்தி, கிரேன் வெச்சுக் கரைக்குத் தூக்குவாங்க. மீன்பிடி படகைக்கூடக் கிரேன்ல தான் கடல்ல இறக்கணும். கடல் கொஞ்சம் கோபமா இருந்தா கப்பல் காத்துக்கிட்டு நிக்கும். கடையில சாமானும் காத்துக்கிட்டு நிக்கும்.

1774ல கேப்டன் குக் இங்கே இறங்கப் பார்த்தார். தீவு மக்கள் கல்லாலயும் ஈட்டியாலயும் விரட்டினாங்க. மனுஷன் கடுப்பாகி "காட்டுமிராண்டித் தீவு"ன்னு பேர் வெச்சுட்டுப் போயிட்டார். அந்தப் பேர் நூறு வருஷத்துக்கும் மேல ஐரோப்பிய வரைபடங்கள்ல ஒட்டிக்கிட்டிருந்தது. அழைக்காம வந்தவனை வாசல்ல நிறுத்தினது எப்படிக் காட்டுமிராண்டித்தனம் ஆகும்? குக்கைச் சந்தேகப்பட்டது எவ்வளவு நியாயம்னு பின்னாடி தெரிஞ்சது. 1860களின் தொடக்கத்துல பெருவிலிருந்து வந்த அடிமைக் கப்பல்கள் இந்தத் தீவிலிருந்தும் ஆட்களைப் பிடிச்சுக்கிட்டுப் போச்சு.

அதனாலதான், ஏதாவது ஒரு பெரிய ராஜ்யம் வந்து விழுங்கிடுமோன்னு பயந்து, 1887ல அப்போதைய தலைவர் ஃபட்டாஇக்கி விக்டோரியா மகாராணிக்குப் பாதுகாப்புக் கேட்டுக் கடிதம் எழுதினார். பதில் சாவகாசமா வந்தது. 1900ல பிரிட்டன் தன் பாதுகாப்புல எடுத்துக்கிட்டது. அடுத்த வருஷமே, 1901ல, நியூசிலாந்துகிட்டக் கை மாத்திட்டாங்க. அதுவும் குக் தீவுகளோட சேர்த்து ஒரே மூட்டையா. "நாங்க வேற, அவங்க வேற"ன்னு நியூவே மக்கள் எதிர்ப்புத் தெரிவிச்ச பிறகுதான் தனி நிர்வாகம் வந்தது.

இப்போ முக்கியமான இடத்துக்கு வருவோம். 1960கள்ல, காலனிகளை விடுவிக்கச் சொல்லி ஐநாவுல அழுத்தம். குக் தீவுகள் 1965ல தன்னாட்சி வாங்கிக்கிட்டது. நியூவே என்ன சொன்னது தெரியுமா? "எங்களுக்கு அவசரம் இல்லை, கொஞ்சம் பொறுங்க." கிட்டத்தட்டப் பத்து வருஷம் பேச்சுவார்த்தை நடத்தினாங்க. சுதந்திரம் வேண்டாம்னு தள்ளிப்போட்ட ஊர்னு கேட்டா நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனா அந்தப் பத்து வருஷத்துல அவங்க பேரம் பேசி வாங்கினதைப் பாருங்க.

1974 செப்டம்பர்ல வாக்கெடுப்பு நடந்தது. ஐநா பார்வையாளர்கள் வந்திருந்தாங்க. மூணுல ரெண்டு பங்கு பேர் சரின்னு சொன்னாங்க. அக்டோபர் 19ல தன்னாட்சி அமலுக்கு வந்தது. ஒப்பந்தத்தோட சாரம் இது: தீவோட சட்டங்களை நியூவேதான் போடும். பாதுகாப்புக்கும் வெளியுறவுக்கும் நியூசிலாந்து பொறுப்பு. தேவையான பொருளாதார, நிர்வாக உதவியை நியூசிலாந்து தொடர்ந்து தரணும்னு சட்டத்துலயே எழுதி வாங்கிட்டாங்க. எல்லாத்துக்கும் மேல, நியூவே மக்கள் நியூசிலாந்துக் குடிமக்களாவே தொடர்வாங்க. விசா கிடையாது, நேர்முகத்தேர்வு கிடையாது. டிக்கெட் எடுத்தா ஆக்லாந்துல இறங்கி வேலைக்குப் போகலாம்.

இந்தக் கடைசி ஷரத்துதான் தீவைக் காப்பாத்துது. தீவைக் காலி பண்றதும் அதேதான்.

1966ல நியூவேல 5,194 பேர் இருந்தாங்க. அதுதான் உச்சம். 1970களின் தொடக்கத்துல விமான நிலையம் திறந்தாங்க. அதுக்கப்புறம் குடும்பம் குடும்பமாக் கிளம்பினாங்க. இப்போ 1,700. நியூசிலாந்துல நியூவே வம்சாவளியினர் 30,000க்கும் அதிகம். அதாவது, ஒருத்தர் தீவுல இருந்தா பதினேழு பதினெட்டுப் பேர் வெளிய இருக்காங்க. தீவைச் சுத்திப் போகிற சாலை ஓரம் பூட்டின வீடுகள், கூரை போன வீடுகள். வீட்டு முன்னாலயே, சாலையைப் பார்த்த மாதிரி, குடும்பத்துக் கல்லறைகள். பல இடங்கள்ல வீடு இடிஞ்சு கிடக்கும், கல்லறை மட்டும் சுத்தமா இருக்கும்.

சரி, இந்த 1,700 பேரை யார் ஆள்றாங்க? நாடாளுமன்றத்துல 20 பேர். மொத்தம் 14 கிராமத் தொகுதிகள், ஆளுக்கு ஒரு உறுப்பினர். மீதி 6 பேரைத் தீவு முழுக்கச் சேர்ந்து தேர்ந்தெடுக்கும். மூணு வருஷத்துக்கு ஒரு தேர்தல். இன்னைக்கு அங்கே கட்சி கிடையாது. இந்த 20 பேரும் கூடி, தங்களுக்குள்ள ஒருத்தரைப் பிரதமராத் தேர்ந்தெடுப்பாங்க. 2020லிருந்து டால்டன் டகெலாகி. முதல் பிரதமர் ராபர்ட் ரெக்ஸ் 1974லிருந்து 1992ல இறக்கிற வரைக்கும் பதவியில இருந்தார்.

கணக்குப் போட்டா 85 பேருக்கு ஒரு எம்பி. ஜனநாயகத்தோட உச்சம்னு தோணுதில்ல? எனக்கும் முதல்ல அப்படித்தான் பட்டது. ஆனா நடைமுறைல யோசிச்சுப் பாருங்க. சில கிராமங்கள்ல வயசு வந்தவங்க சில டஜன் பேர்தான். உங்க எம்பி உங்க மாமா. எதிர்த்து நிக்கணும்னா உங்க சித்தப்பாவை எதிர்த்து நிக்கணும். ஞாயித்துக்கிழமை சர்ச்சுல அவர் பக்கத்துல உட்காரணும். அதனால பல கிராமங்கள்ல போட்டியே இல்லாம ஒருத்தர் ஜெயிக்கிறது சகஜம். தீவுல பெரும்பாலான வேலையும் அரசாங்க வேலை. அரசாங்கத்தைக் கேள்வி கேட்கிறவருக்குச் சம்பளம் கொடுக்கிறதும் அரசாங்கம். சின்ன ஊர்ல ஜனநாயகம் சுலபம்னு சொல்றவங்க சின்ன ஊர்ல வாழ்ந்ததில்லைன்னுதான் நான் நினைக்கிறேன்.

அதைவிடச் சிக்கல் நிலம். நியூவேல நிலத்தை விற்க முடியாது, வாங்க முடியாது. நிலம் "மகஃபாவோவா" என்கிற பெருங்குடும்பத்தோடது. ஒரு முன்னோரோட வழியில வந்த எல்லாருக்கும் அதுல உரிமை. வெளியாள் வந்து தீவை வளைச்சுப் போட முடியாததுக்கு இதுதான் காரணம். ஹோட்டல் கம்பெனிகள் கடற்கரையை மொத்தமா வாங்கின பல தீவுகளைப் பார்க்கும்போது, இது எவ்வளவு பெரிய கவசம்னு புரியும். ஆனா அந்தப் பெருங்குடும்பம் இப்போ எங்கே இருக்கு? ஆக்லாந்துல. ஊர்ல தங்கின ஒரு பையன் வீடு கட்டணும்னா, பார்த்தே இராத உறவுக்காரங்க சம்மதமும் வேண்டியிருக்கும். வெளிய இருக்கிறவங்களுக்கு நிலத்துல பங்கு உண்டு, தேர்தல்ல ஓட்டு இல்லை. உள்ளே இருக்கிறவங்களுக்கு ஓட்டு உண்டு, தன் காலடி நிலத்தைப் பத்தித் தனியா முடிவெடுக்க முடியாது.

2004 ஜனவரில ஹெட்டா புயல் அடிச்சது. ஐந்தாம் வகைப் புயல். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 30 மீட்டர் உயரப் பாறை மேல தலைநகர் அலோஃபி இருக்கு. அலை அந்தப் பாறையைத் தாண்டி ஊருக்குள்ள வந்தது. மருத்துவமனையே போயிடுச்சு. இரண்டு பேர் இறந்தாங்க. அப்போ நியூசிலாந்துப் பத்திரிகைகள்ல வெளிப்படையாவே ஒரு கேள்வி எழுந்தது: இவ்வளவு சின்ன ஊருக்குத் தன்னாட்சி எதுக்கு, திரும்ப எங்களோட சேர்த்துடலாமே? நியூவே முடியாதுன்னுடுச்சு. மருத்துவமனையைக் கடலைவிட்டுத் தள்ளி, உள்ளே கட்டினாங்க. 2006ல நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் பணம் போட்டு ஒரு அறக்கட்டளை நிதி தொடங்கினாங்க.

ஆனா உதவிப் பணத்துல மட்டும் வாழறது யாருக்குப் பிடிக்கும்? அதனால நியூவே விற்காத சரக்கு இல்லை. 1990கள்ல அதோட தொலைபேசிக் குறியீடு 683 ஆபாச உரையாடல் சேவைகளுக்குப் போச்சு. தேவாலயத்துக்கு அஞ்சி, ஞாயித்துக்கிழமை மீன்கூடப் பிடிக்காத ஊரு, பாவம்! அதே காலத்துல, பின்னாளில் பனாமா பேப்பர்ஸ்ல நாறின மொஸாக் ஃபொன்சேகா நிறுவனம் நியூவேல ஆயிரக்கணக்குல காகிதக் கம்பெனிகளைப் பதிவு பண்ணிச்சு. 2000ல பணமோசடித் தடுப்புக் கறுப்புப் பட்டியல்ல பேர் வந்ததும் அந்தக் கடையை மெல்ல மூட வேண்டியதாச்சு. அப்புறம் நாணயம். 2001ல போக்கிமான், 2011ல ஸ்டார் வார்ஸ். காசோட ஒரு பக்கத்துல பிக்காச்சு. சட்டப்படி செல்லுபடியாகும் காசு. சேகரிப்பாளர்கள்தான் வாங்குவாங்க.

உண்மையான புதையல் கைவிட்டுப் போன கதை ஒண்ணு இருக்கு. உலக நாடுகளுக்கு இரண்டெழுத்துக் குறியீடு கொடுத்தப்போ நைஜருக்கு ஒண்ணு, நிகராகுவாவுக்கு ஒண்ணு போக, நியூவேக்கு டாட் என்யூ கிடைச்சது. ஸ்வீடிஷ், டச்சு, டேனிஷ் மொழிகள்ல "நு" என்றால் "இப்போது". விளம்பரக்காரனுக்கு இதைவிட என்ன வேணும்? 1997ல ஒரு அமெரிக்கர் இதைப் பிடிச்சு விற்க ஆரம்பிச்சார். ஸ்வீடன்ல அமோக விற்பனை. அந்த வருமானத்துல 2003ல தீவுக்கு இலவச வைஃபை வந்தது. உலகத்துலயே முதல் வைஃபை நாடுன்னு செய்தி ஆச்சு. ஆனா நியூவே அரசாங்கம், எங்க பேர்ல வர்ற வருமானத்துக்கு இது ஈடே இல்லைன்னுது. 2013ல நிர்வாகம் ஸ்வீடன் இணைய அறக்கட்டளைக்குப் போச்சு. 2018ல நியூவே ஸ்வீடனுக்கே போய் அந்த அறக்கட்டளை மேல வழக்குப் போட்டது. நிலத்தை விற்கவே முடியாதுன்னு சட்டம் வெச்ச நாட்டுக்கு, இணையத்துல இருந்த நிலம் மட்டும் இப்படிக் கைமாறிப் போச்சு.

சமீபத்துல அவங்க போற பாதை வேற. 2020ல முழு நாடும் இருள்வானப் பகுதியா அங்கீகாரம் வாங்கிச்சு. ஒரு நாடு முழுக்க இப்படி ஆனது அதுதான் முதல். தெருவிளக்கை மாத்திக்கிட்டாங்க, நட்சத்திரம் பார்க்க ஆள் வர்றாங்க. கடல்லயும் கணக்கு உண்டு. தீவு 260 சதுர கிலோமீட்டர்னாலும், அதுக்குச் சொந்தமான கடல் மூணு லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல. அதுல 40 சதவீதத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதியா அறிவிச்சாங்க. 2023ல ஒரு திட்டம்: ஒரு சதுர கிலோமீட்டர் கடலை 20 வருஷம் பாதுகாக்க 250 நியூசிலாந்து டாலர். யார் வேணும்னாலும் கொடுக்கலாம். கடல் உங்களுக்குச் சொந்தமாகாது, அவங்க காவலுக்கு நீங்க செலவு பண்றீங்க, அவ்வளவுதான். பழைய அனுபவத்திலிருந்து எதையோ கத்துக்கிட்ட மாதிரித்தான் எனக்குத் தெரியுது.

நாடுன்னு யார் ஒத்துக்கிறாங்க? ஐநாவுல உறுப்பினர் இல்லை. ஆனா யுனெஸ்கோவிலும் உலக சுகாதார நிறுவனத்திலும் உறுப்பினர். இந்தியா 2012லயே தூதரக உறவு வெச்சுக்கிச்சு. அமெரிக்கா 2023லதான் இறையாண்மை உள்ள நாடுன்னு அங்கீகரிச்சது.

போகணும்னு ஆசைப்படறவங்களுக்கு ஒரு தகவல். விமானம் ஆக்லாந்திலிருந்து, வாரத்துக்கு ஒண்ணு ரெண்டுதான். சுமார் மூன்றரை மணி நேரப் பயணம். நடுவுல சர்வதேசத் தேதிக்கோடு வருது. அதனால சனிக்கிழமை காலைல கிளம்பினா வெள்ளிக்கிழமை போய் இறங்குவீங்க. அங்கே யாரைப் பார்த்தாலும் "ஃபகாலோஃபா லாஹி அத்து"ன்னு சொல்லுங்க, அதுதான் வணக்கம். யுனெஸ்கோவோட அழிவு அபாயப் பட்டியல்ல இருக்கிற மொழி. அதை இப்போ ஆக்லாந்துல பாலர் வகுப்பு வெச்சுப் பேரக்குழந்தைகளுக்குச் சொல்லித் தர்றாங்க.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.