எந்த ஊர் நமக்கு ஏற்ற ஊர்?



தோட்டப்புறத்தில் ஆண்டு முடிவு நெருங்கும்போது பல வீடுகளில் ஒரே பேச்சு எழுவதுண்டு. "இந்த வெயிலிலும் புழுக்கத்திலும் எத்தனை காலம் கிடப்பது? கேமரன் மலைப் பக்கம் போய்விடலாமா? இல்லை, பிள்ளைகளின் படிப்பை நினைத்துக் கோலாலம்பூரிலேயே குடியேறிவிடலாமா?" என்று பெரியவர்கள் கலந்து பேசுவார்கள். வீட்டில் பாட்டி இருந்தால், "இக்கரைக்கு அக்கரை பச்சை" என்று ஒரே வார்த்தையில் பேச்சை முடித்துவிடுவார். பாட்டி சொல்வது சரிதானா? கேரித் தீவு, கேமரன் மலை, கோலாலம்பூர் ஆகிய மூன்று இடங்களையும் அருகருகே வைத்து, அவற்றின் பருவநிலையையும் வாழ்க்கை வசதிகளையும் இன்று ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முதலில் பருவநிலையை எடுத்துக்கொள்வோம். நம் நாடு பூமத்திய ரேகைக்கு அருகில் இருக்கிறது. ஆகையால் இங்கே குளிர்காலம், கோடைக்காலம் என்ற பெரிய வேறுபாடு கிடையாது. ஜனவரியிலும் வியர்க்கிறது, ஜூலையிலும் வியர்க்கிறது. நம் நாட்டில் வெப்பத்தை மாற்றுவது மாதம் அல்ல, உயரமே. கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறையும். கேமரன் மலையின் தானா ராத்தா பட்டணம் 1,400 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருப்பதால், கிள்ளானில் விசிறி சுழன்றுகொண்டிருக்கும் அதே இரவில் அங்கே கம்பளி தேவைப்படுகிறது. 1978-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் தேதி கேமரன் மலையில் 7.8 டிகிரி பதிவாயிற்று. 1998-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் தேதி பெர்லிஸ் மாநிலத்தின் சுப்பிங்கில் 40.1 டிகிரி பதிவாயிற்று. ஒரே நாட்டுக்குள் இத்தனை வேறுபாடு!

மழைக்கு வேறு கணக்கு உண்டு. நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று கிளந்தான், திரெங்கானு, பகாங் கரைகளில் கொட்டித் தீர்க்கும். 2014-ஆம் ஆண்டு டிசம்பரில் கிளந்தான் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. நாம் வாழும் மேற்குக் கரைக்குத் தித்திவங்சா மலைத்தொடர் ஒரு சுவர்போல நிற்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றைச் சுமத்ரா தீவு தடுத்துக்கொள்கிறது. இருந்தாலும் அந்தப் பருவத்தில் சில விடியற்காலைகளில் கடல் பக்கமிருந்து திடீரென்று சூறைக்காற்றும் இடியும் கிளம்பி வரும். மீனவர்கள் அதைச் 'சுமத்ரா' என்றே அழைப்பார்கள்.

இங்கே நாம் ஒரு வரலாற்றை எண்ணிப் பார்க்க வேண்டும். நம் முன்னோர்கள் இந்த ஊர்களைத் தாங்களாகத் தேர்ந்தெடுக்கவில்லை. அவர்களுக்காகப் பயிர்தான் ஊரைத் தேர்ந்தெடுத்தது. தேயிலைக்குக் குளிரும் பனிமூட்டமும் வேண்டும். ஆகையால் 1929-ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். பால்மரத்துக்கும் செம்பனைக்கும் வெப்பமும் ஆண்டு முழுவதும் மழையும் வேண்டும். செம்பனை நன்றாகக் காய்க்க ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர் மழை பரவலாகப் பெய்ய வேண்டும். எந்த மண்ணில் எந்தப் பயிர் தழைக்கும் என்று பார்த்த பிறகே அந்த மண்ணில் நம் தாத்தாவும் பாட்டியும் இறக்கப்பட்டார்கள். இன்று ஊரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் வந்திருக்கிறது. அந்த வாய்ப்பைச் சரியான தராசில் வைத்து நிறுக்க வேண்டும் அல்லவா?

இனி ஒவ்வோர் ஊராகப் பார்ப்போம்.

கேரித் தீவு, கோல லங்காட் மாவட்டத்தில் லங்காட் ஆற்றுக்கும் மலாக்கா நீரிணைக்கும் நடுவே அமைந்திருக்கிறது. எட்வர்ட் வாலண்டைன் கேரி என்ற ஆங்கிலேயத் தோட்டக்காரரின் பெயரால் இத்தீவு அழைக்கப்படுகிறது. அவருக்கு முன்பே இந்தத் தீவைத் தங்கள் வீடாகக் கொண்டவர்கள் மா மெரி என்னும் பூர்வகுடி மக்கள். அவர்களுடைய மரச் செதுக்கு வேலை உலகப் புகழ் பெற்றது. தீவில் மாலையில் கடற்காற்று உண்டு. பட்டணத்து நெரிசல் இல்லை. ஆனால் நிலம் மிகவும் தாழ்வானது. பௌர்ணமி, அமாவாசை நாட்களை ஒட்டி வரும் பெரிய கடலேற்றத்தில் கிள்ளான் துறைமுகத்து நீர்மட்டம் 5 மீட்டரையும் தாண்டுவதுண்டு. உப்புநீர் உள்ளே வராமல் காப்பவை மண்கரைகளும் மதகுகளுமே. உலகம் வெப்பமாகி வருவதால் கடல் மட்டம் உயர்ந்துகொண்டிருக்கும் இக்காலத்தில் அந்தக் கரைகளின் பராமரிப்பு தீவு மக்கள் அனைவருக்கும் உயிர்க் காரியம். புகைமூட்டமும் நமக்குப் புதியதன்று. 2005-ஆம் ஆண்டு ஆகஸ்டில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டியபோது, கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது.

கேமரன் மலையை 1885-ஆம் ஆண்டில் கண்டறிந்தவர் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர். அங்கே பகலில் 20 டிகிரியைச் சற்றே தாண்டும். இரவில் 15, 16 டிகிரிக்கு இறங்கும். வெயிலில் வேலை செய்பவருக்கு இது சுகம்தான். ஆனால் விடுமுறைக்குப் போய் இரண்டு நாள் தங்குபவர் காணும் குளிர் வேறு. ஆண்டு முழுவதும் ஈரத்தில் வாழ்பவர் காணும் குளிர் வேறு. துணி எளிதில் காயாது. சுவரில் பூசணம் படரும். இழுப்பு உள்ள குழந்தைக்கும் மூட்டுவலி உள்ள முதியவருக்கும் அது தொல்லையாகலாம். சரிவான நிலத்தில் மண்சரிவு அச்சமும் உண்டு. 2013-ஆம் ஆண்டு அக்டோபரில், கனமழையின்போது சுல்தான் அபு பக்கார் அணையின் நீர் திறந்துவிடப்பட்டபோது, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேறும் நீரும் புகுந்து உயிர்ச்சேதம் ஏற்பட்டது. பிள்ளைகள் மேற்படிப்புக்கு மலையை விட்டு இறங்கித்தான் ஆக வேண்டும்.

கோலாலம்பூருக்கும் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் வருவோம். மழை அளவில் பட்டணம் தீவுக்குக் குறைந்ததல்ல. பகல் முழுவதும் காய்ந்த தரை, பிற்பகலில் இடியையும் மழையையும் கூட்டி வருகிறது. ஆனால் தீவில் மழைநீரை மண் குடிக்கிறது. பட்டணத்தில் சிமெண்டும் தாரும் அதைக் குடிப்பதில்லை. பகலில் அவை வாங்கி வைத்த வெப்பத்தை இரவில் வெளிவிடுகின்றன. அதனால்தான் அடுக்குமாடி வீடுகளில் நள்ளிரவிலும் புழுக்கம். 1971-ஆம் ஆண்டு ஜனவரியில் கோலாலம்பூர் வெள்ளத்தில் மூழ்கியது. பின்னர் வெள்ளநீரைத் திருப்பிவிட 9.7 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் கட்டப்பட்டு 2007-இல் திறக்கப்பட்டது. அப்படியிருந்தும் 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் தேதி பெய்த மழையில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா போன்ற குடியிருப்புகளில் மக்கள் கூரையேறி உதவிக்குக் காத்திருந்தார்கள். டெங்கிக் காய்ச்சலும் நெருக்கமான குடியிருப்புகளில்தான் வேகமாகப் பரவுகிறது.

ஆனால் பட்டணத்தின் பக்கம் சில கனமான நன்மைகள் இருக்கின்றன. பெரிய மருத்துவமனை அருகில் இருக்கிறது. கல்லூரி, தொழிற்பயிற்சி, பலவகை வேலைகள் இருக்கின்றன. மகளுக்குக் கணக்காளர் ஆகும் ஆசை இருந்தால், அந்த ஆசைக்கு அங்கே வழி உண்டு.

அப்படியானால் எது சிறந்தது? கடல் கடந்த ஓர் எடுத்துக்காட்டு நமக்கு உதவும். அமெரிக்காவின் வடக்கில் மின்னசோட்டா என்ற மாநிலம் இருக்கிறது. ஜனவரி மாதத்தில் அங்கே ஏரிகளே உறைந்து, அவற்றின் மேல் வண்டி ஓட்டலாம். தெற்கில் மிசிசிப்பி மாநிலம். வெப்பமான, வளமான பருத்தி மண். எந்த மாநிலத்தில் மனிதர்கள் அதிக காலம் வாழ்வார்கள் என்று கேட்டால், குளிர் இல்லாத தெற்கில்தான் என்று நாம் சொல்லிவிடுவோம். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி மின்னசோட்டாவில் சராசரி ஆயுள் ஏறத்தாழ 79 ஆண்டுகள். மிசிசிப்பியில் 72 ஆண்டுகள். வருமானமும் படிப்பும் மருத்துவ வசதியும் அங்கே கூடுதலாகவும் இங்கே குறைவாகவும் இருப்பது இதற்கு முக்கியக் காரணம். பருவநிலை உடம்பைத் தொடுகிறது, உண்மை. ஆனால் வாழ்வைத் தாங்குவது வேறு தூண்கள்.

அந்தத் தூண்களில் நம் தோட்ட மக்கள் பெரும்பாலும் கணக்கில் சேர்க்க மறப்பது ஒன்று உண்டு. அதுதான் வீடு.

2025-ஆம் ஆண்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. தீவானாலும் மலையானாலும் பட்டணமானாலும் அந்தச் சட்டம் ஒன்றே. கணவன் மனைவி இருவரும் அந்தச் சம்பளத்தில் உழைத்தால் வீட்டுக்கு 3,400 வெள்ளி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டணத்தில் அதிலிருந்து வாடகைக்கு 800, போக்குவரத்துக்கு 300, குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்கு 400 போனால், கையில் நிற்பது 1,900. இவை உதாரணத்துக்காக நாம் போட்ட தொகைகள். உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். தோட்டத்தில் நிர்வாகம் தரும் வீடும் ஆயாக்கொட்டகையும் இருந்தால் இந்தச் செலவில் பெரும்பகுதி நம் கையை விட்டுப் போவதில்லை. அதாவது, நாம் கட்டாத வாடகையும் நம் சம்பளத்தின் ஒரு பகுதிதான்!

ஆனால் அந்த மறைமுகச் சம்பளம் வேலையோடு கட்டப்பட்டது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. 2013 முதல் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. அந்த வயதில், வளர்த்த முருங்கை மரத்தையும் பழகிய கோயிலையும் விட்டு, கையில் சாவி இல்லாமல் வெளியேறுவதைவிடக் கொடிய பருவநிலை எது? 1980-களிலும் 90-களிலும் தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இப்படித்தான் கிள்ளான் பள்ளத்தாக்கின் ஓரங்களில் பலகை வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அவர்கள் ஊரைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஊர் அவர்களைத் தள்ளியது.

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்றார்கள் பெரியோர்கள். தோட்ட வீட்டில் இருக்கும்போதே, கட்டாத வாடகையிலிருந்து மாதம் 500 வெள்ளி ஒதுக்கினால், 20 ஆண்டுகளில் வட்டியைச் சேர்க்காமலே 120,000 வெள்ளி ஆகிறது. ஊழியர் சேமநிதியும் துணைக்கு இருக்கிறது. 2024-ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து 55 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் சந்தாவில் 15 விழுக்காடு 'செஜாத்தெரா' கணக்கில் சேர்கிறது. வீடு வாங்க அதிலிருந்து பணம் எடுக்க வழி உண்டு. அதை வேறு செலவுக்கு எடுக்குமுன் கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேச வேண்டும்.

ஆகவே நேயர்களே, குடிபெயர எண்ணுபவர்கள் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது இருக்கும் ஊரையும் போக நினைக்கும் ஊரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஐந்து கேள்விகளுக்கு விடை தேடுங்கள். ஒன்று, அந்த ஊரின் வெயிலும் குளிரும் நம் வீட்டு முதியவருக்கும் நோயாளிக்கும் ஒத்துவருமா? இரண்டு, மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும்? வீட்டைப் பார்க்க வெயில் நாளில் போகாமல் மழை நாளில் போய்ப் பாருங்கள், அக்கம்பக்கத்தாரைக் கேளுங்கள். மூன்று, பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் எவ்வளவு நேரம் ஆகும்? நான்கு, செலவு போகக் கையில் என்ன நிற்கும்? ஐந்து, 60 வயதில் அந்த ஊரில் நம் பெயரில் ஒரு கதவு இருக்குமா?

இந்த ஐந்தாவது கேள்விக்கு 'ஆம்' என்ற விடை எந்த ஊரில் கிடைக்கிறதோ, அந்த ஊரை மற்ற நான்கு கேள்விகளோடும் வைத்துப் பார்த்து முடிவெடுங்கள். இருக்கும் இடத்திலேயே தொடர்வதும் நல்ல முடிவாக இருக்கலாம். சேமிப்பு மட்டும் நின்றுவிடக் கூடாது. வெப்பத்துக்கு விசிறி உண்டு, குளிருக்குக் கம்பளி உண்டு. சொந்தக் கூரைக்கு மாற்று இல்லை.

இன்றிரவே தாளையும் பென்சிலையும் எடுங்கள். பிள்ளைகளையும் அருகில் உட்கார வைத்துக் கணக்குப் போடுங்கள். போகப்போகிற ஊர் அவர்களுக்கும்தானே!