பட்டியலில் இல்லாத ரயில்



உணரித் தரவைக் கண்காணிக்கும் மென்பொருளில் வரைபடத்துக்கு என்ன வேலை என்று பேச லிட்டில் இந்தியாவில் கூடியிருக்கிறோம். 1997இல் நா. கோவிந்தசாமி முதலியோரின் முயற்சியால் தமிழ் இணைய மாநாடு கூடியதும் இதே சிங்கப்பூரில்தான். அன்று திரையில் தமிழ் எழுத்தை வரவழைப்பதே பெரும்பாடு. அந்தக் கவலை தீர்ந்த நமக்கு, திரையில் தெரிவதை எப்படிப் படிப்பது என்ற கவலை வந்திருக்கிறது. நேராக ஒரு வழக்குக்கு வருகிறேன்.

இங்கிருந்து வடகிழக்கு ரயில் பாதையில் ஏறினால் அடுத்த நிலையமே டோபி காட். அங்கே தொடங்குகிறது ஓட்டுநரில்லா வட்ட ரயில் பாதை. 2016 ஆகஸ்டு முதல் அதில் ரயில்கள் திடீர் திடீரென நின்றன. சமிக்ஞைத் தொடர்பு அறுந்தால் அவசர பிரேக் தானாக விழும். அது பாதுகாப்பு ஏற்பாடு. தொடர்பை அறுத்தது எது என்பதுதான் யாருக்கும் விளங்கவில்லை. நவம்பர் 5 அன்று அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பின் தரவு அறிவியலாளர்கள் பதிவுகளை எடுத்து உட்கார்ந்தார்கள். தேதி, நேரம், இடம், ரயில் எண், திசை. மொத்தம் 259 நிகழ்வுகள்.

நாம் எல்லாரும் செய்வதையே அவர்களும் முதலில் செய்தார்கள். எந்த மணியில் அதிகம், எந்த நிலையத்தில் அதிகம், எந்த ரயிலில் அதிகம் என்று தனித்தனியே வரைந்து பார்த்தார்கள். நாள் முழுதும், பாதை முழுதும், எல்லா ரயில்களிலும் பரவிக் கிடந்தது கோளாறு. நம்மில் பலர் அங்கேயே அறிக்கை எழுதி முடித்திருப்போம்.

அவர்கள் அச்சுகளை மாற்றினார்கள். ஒரு பக்கம் நேரம், மறுபக்கம் நிலையங்கள். இது புதிய உத்தியன்று. 19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் எட்டியென்-ஜூல் மரே தம் நூலில் அச்சிட்ட பாரிஸ்–லியோன் ரயில் அட்டவணை இந்த வகைதான். இந்திய ரயில்வேயின் கட்டுப்பாட்டு அறைகளில் செக்‌ஷன் கன்ட்ரோலர்கள் கையால் கோடிழுத்த தாள்களும் இதே வகைதான். நகரும் ரயில் அதில் சாய்கோடாகத் தெரியும். சாய்வு வேகத்தைச் சொல்லும்.

அப்படி வரைந்ததும் சிதறிக் கிடந்த புள்ளிகள் சாய்வாக வரிசை கட்டின. ஒரு ரயில் நின்ற சற்று நேரத்தில் இன்னொன்று நின்றது. நின்ற ரயில்கள் ஒரு திசையில் போய்க்கொண்டிருக்க, கோளாறு எதிர்த் திசையில் நகர்ந்தது. அப்படியானால் எதிர்த் தடத்தில் ஏதோ ஒரு ரயில் போகிற போக்கில் மற்றவற்றை முடக்குகிறதா? இந்த ஊகம் 259 நிகழ்வுகளில் 189க்கு, அதாவது 73 விழுக்காட்டுக்கு, விளக்கம் தந்தது. பிறகு நிலையங்களின் காணொளிப் பதிவுகளைப் பார்த்து, அந்தந்த நேரத்தில் அந்த வழியே போன ரயில்களைத் தேடினார்கள். பிவி 46 என்ற ரயில் மாட்டியது. மறுநாள் நவம்பர் 6இல் அதை ஓட்டிப் பார்த்ததில் சந்தேகம் உறுதியானது. அதன் பழைய ஓட்டங்களோடு ஒப்பிட்டபோது 95 விழுக்காட்டுக்கு மேற்பட்ட நிகழ்வுகள் பொருந்தின. அதன் சமிக்ஞைக் கருவி விட்டுவிட்டுப் பழுதானதே காரணம்.

இதில் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது வேறு. பதிவுகளில் இருந்தவை பாதிக்கப்பட்ட ரயில்கள். பாதித்த ரயில் தான் நிற்க வேண்டியதில்லை. ஆகவே அது பட்டியலுக்குள் வரவேண்டியதுமில்லை. எந்த ரயிலில் கோளாறு அதிகம் என்று எத்தனை முறை எண்ணினாலும் அது சிக்கியிருக்காது.

இன்றைய டேஷ்போர்டுகள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன என்பேன். எல்லை தாண்டினால் சிவப்பு, தாண்டாவிட்டால் பச்சை. எல்லை என்பது நமக்கு முன்பே தெரிந்த கேள்விக்கான விடை. தெரியாத கேள்வியைக் கேட்க அச்சை மாற்றவும், ஓர் உணரியின்மேல் இன்னொன்றை ஏற்றிப் பார்க்கவும், காலத்தை விரித்துச் சுருக்கவும் வழி வேண்டும். விரித்துச் சுருக்குவதிலும் சூது உண்டு. ஒரு மாதத்தை ஒரே திரையில் காட்ட மென்பொருள் மணிக்கணக்கில் சராசரி எடுக்கிறது. ஒரு நொடி எகிறிய அழுத்தம் அதில் கரைந்துபோகிறது. சராசரிக் கோட்டோடு உச்சத்தையும் தாழ்வையும் பட்டையாகக் காட்டினால் அது தப்பாது. கடிகாரம் இன்னொரு தொல்லை. சிங்கப்பூர்க் கட்டடத்துக்குச் சென்னையில் மென்பொருள் எழுதுகிறோம். நேர மண்டலத்தைக் குறிக்க மறந்தால் இரண்டரை மணி நேரம் இடறும். இரண்டு உணரிகளின் கடிகாரங்கள் ஒத்துப்போகாவிட்டால், எது முன், எது பின் என்று சொல்லும் வரைபடம் எல்லாம் பொய்.

கட்டுரை வாசிக்க வந்திருப்போருக்கு ஒரு வேண்டுகோள். உறைந்த படங்களை மட்டும் காட்டிவிட்டு இறங்காதீர்கள். சுருக்காத தரவைக் கையோடு வைத்திருங்கள். அவையில் ஒருவர் "அச்சை மாற்றினால் என்ன தெரியும்?" என்று கேட்டால், எல்லார் கண்முன்னும் மாற்றிக் காட்டுங்கள். இனி முதல் அமர்வின் கட்டுரையாளரை அழைக்கிறேன்.