நாவின் நுனியில் நின்ற பெயர்

(நூற்றாண்டு விழாவின் காலை அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று காலை படலையடியில் நான் இறங்கியதும் ஒருவர் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தார். "என்னடி, என்னைத் தெரியேல்லையோ?" என்றார். தெரிந்தது. எந்த வாங்கில் இருந்தவர், எந்த இல்லத்துக்கு ஓடினவர், எந்த வருட விளையாட்டுப் போட்டியில் விழுந்து முழங்கால் உரசினவர் எல்லாம் தெரிந்தது. பெயர் மட்டும் வரவில்லை. மூன்று எழுத்துப் பெயர், முதல் எழுத்து 'வ' என்பது வரை வந்து அப்படியே நின்றுவிட்டது. சிரித்துச் சமாளித்துவிட்டு உள்ளே வந்து தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்தேன். அப்போது யாரும் கேட்காமலே பெயர் வந்தது. அவரும் இங்கேதான் இருக்கிறார். என்னை மன்னிக்க வேண்டும்.

இருபத்தெட்டு வருடம் கனடாவில் பேச்சு மொழிச் சிகிச்சையாளராக வேலை செய்தவள் நான். சொல் வராமல் தவிப்பவர்களோடு இருப்பதுதான் என் தொழில். எனக்கே அது நடந்தபோது முதலில் பயந்தேன். உங்களிலும் பலர் பயந்திருப்பீர்கள். ஆகவே அதிலிருந்து தொடங்குகிறேன்.

1966இல் பிறவுண், மக்னீல் என்ற இருவர் மாணவர்களுக்கு அரிய சொற்களின் பொருளை வாசித்துக் காட்டி, சொல் என்னவென்று கேட்டார்கள். "தெரியும், வாயில் நிற்கிறது, வரவில்லை" என்றவர்களில் பலர் அந்தச் சொல்லின் முதல் எழுத்தையும் அசைகளின் எண்ணிக்கையையும் சரியாகச் சொன்னார்கள். இதன் பொருள், சொல் அழிந்துபோகவில்லை என்பதே. பொருள் ஓரிடத்திலும் ஒலி இன்னோரிடத்திலும் இருக்கின்றன. இடையிலுள்ள பாதையில் புல் முளைத்துவிட்டது. 1991இல் டெபோரா பேர்க் என்பவரும் கூட்டாளிகளும் இளையோர், நடுவயதினர், முதியோர் மூன்று பகுதியினரிடமும் குறிப்பேடு கொடுத்து, இப்படி நடக்கும்போதெல்லாம் எழுதச் சொன்னார்கள். முதியோருக்கு இது கூடுதலாக நடந்தது. மூன்று வயதினருக்கும் அதிகம் வராமல் போனவை ஆட்களின் பெயர்கள். அவற்றில் பெரும்பாலானவை பிறகு தாமாகவே வந்தும்விட்டன.

பெயர் ஏன் இவ்வளவு தொல்லை தருகிறது? ஒருவரின் தொழில் தையல் என்று சொன்னால், ஊசி, நூல், மெஷின் சத்தம், பெருநாளுக்கு முதல்நாள் தைத்து முடியாத சட்டை எல்லாம் அதோடு சேர்ந்து வரும். பெயருக்கு அப்படி ஒட்டிக்கொள்ள எதுவுமில்லை. ஆங்கிலத்தில் 'பேக்கர்' என்பது தொழிலாகவும் இருக்கலாம், குடும்பப் பெயராகவும் இருக்கலாம். 1987இல் இங்கிலாந்தில் சோதித்தார்கள். ஒரே முகத்தைக் காட்டி, இவர் பாண் போடுபவர் என்று சொன்னால் நினைவில் நின்றது. இவர் பெயர் பேக்கர் என்று சொன்னால் மறந்துபோனது. சொல் ஒன்றுதான்.

ஆகவே பெயர் வராவிட்டால் உடனே டொக்டரிடம் ஓட வேண்டாம். கையில் திறப்பை வைத்துக்கொண்டு இது எதற்கு என்று தெரியாமல் நிற்பதும், வருடக்கணக்காகப் போன பாதையில் வழி தவறுவதும் வேறு விஷயம். அதற்கு ஓடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொற்களின் பொருளறிவு வயதோடு சேர்ந்து வடிந்துபோவதில்லை. சியாற்றில் நகரில் வார்னர் ஷாய் 1956இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் நடத்திய ஆய்வில், வேகம் கேட்கும் வேலைகளில் முதலில் தளர்வு தெரிந்தது; சொல்லறிவு அறுபதுகளிலும் பெரிதாகக் குறையவில்லை. களஞ்சியம் பெருக்கிறது, திறப்புத் துவாரம் துருப்பிடிக்கிறது. குறுக்கெழுத்துப் போட்டியில் பேத்தியை வென்றுவிட்டு அவளுடைய பெயரை மாற்றிக் கூப்பிடும் அம்மம்மாக்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

பாடசாலையில் படித்தவற்றில் எவ்வளவு மிஞ்சும்? ஹரி பாரிக் என்ற அமெரிக்க உளவியலாளர் பழைய மாணவர்களையே தேடிப்போய் இதை ஆராய்ந்தார். 1975இல் வெளியான ஆய்வில், உயர்பள்ளி விட்டுப்போன 392 பேரிடம் அவர்களுடைய பள்ளி மலரைக் கொண்டு சோதித்தார். முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகும் பத்து முகத்தில் ஒன்பதைத் தங்கள் வகுப்பு முகமென்று கண்டுகொண்டார்கள். படம் இல்லாமல் பெயர்களைச் சொல்லுங்கள் என்றால் மிகச் சிலரையே சொல்ல முடிந்தது. 1984இல், பள்ளியில் ஸ்பானிய மொழி படித்துவிட்டுப் பிறகு பயன்படுத்தாத பலர் உட்பட 733 பேரைச் சோதித்தார். முதல் மூன்று தொடக்கம் ஆறு வருடங்களில் நிறைய மறந்துபோயிற்று. அதன்பின் மறதி நின்றுவிட்டது. எஞ்சியது இருபத்தைந்து, முப்பது வருடம் அசையாமல் இருந்தது; ஒரு பங்கு ஐம்பது வருடத்துக்குப் பிறகும் இருந்தது. வட துருவத்தை அடுத்த நிலங்களில் என்றும் உருகாமல் கிடக்கும் மண்ணை நினைத்து அதற்கு அவர் ஒரு பெயரும் வைத்தார். முதலில் நன்றாகப் படித்தவர்களிடமே அது கூட இருந்தது.

இதைக் கேட்டால் என் அம்மப்பா சிரித்திருப்பார். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சூடாமணி நிகண்டைப் பாடமாக்கியவர் அவர். மண்டலபுருடர் செய்த அந்த நூலில் அகராதி முழுவதும் விருத்தமாக ஓடும். அதன் பதினோராம் தொகுதியில், ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்லும் செய்யுள்களை எதுகை வரிசையில் அடுக்கியிருப்பார். ஒரு சொல் தப்பினால் எதுகை அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரும். நான் சொன்ன புல் முளைத்த பாதைக்கு இதைவிட நல்ல கைகாட்டி என்ன? எண்பது வயதில், காலையில் சாப்பிட்டது இடியப்பமா புட்டா என்று தெரியாத மனிதர், யானைக்குரிய பெயர்களை மூச்சுவிடாமல் சொல்லுவார்.

எம்முடைய தமிழ் ரீச்சர் ஒருவர் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, ஒவ்வொருவராக எழுப்பிச் செய்யுள் கேட்பார். நாங்கள் அவரை வெறுத்தோம். திரும்பத் திரும்ப வாசித்தால் போதாதா என்று முணுமுணுப்போம். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் இதையே சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால், மீண்டும் மீண்டும் வாசித்தவர்கள் வென்றார்கள். ஒரு கிழமை கழித்துக் கேட்டால், மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் வென்றார்கள். இந்தப் பகுதி இன்றைய மாணவிகளுக்கு. சோதனைக்கு முதல்நாள் இரவு மஞ்சள் மையால் கோடு போட்டு வாசிப்பதை விட்டுவிட்டு, புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பாருங்கள். ரீச்சரிடம் மன்னிப்புக் கேட்க எனக்குச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

என் அம்மாவும் இந்தக் கல்லூரி மாணவிதான். 1940களில் ஆங்கில மொழிமூலம் படித்தவர். எனக்குக் கடிதம் எழுதும்போதுகூட ஆங்கிலத்தில்தான் தொடங்குவார். ரொறன்ரோவுக்கு வந்தபின் பேரப்பிள்ளைகளோடு ஆங்கிலம். அதனால் பிள்ளைகள் தமிழ் பழகவில்லை. பழக்கவில்லை என்பதுதான் சரி. நான் வேலைக்குப் போனேன், அம்மா பார்த்துக்கொண்டார், எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

எண்பது தாண்டியதும் மறதி நோய் வந்தது. ஆங்கிலம் முதலில் போகத் தொடங்கியது. புதிதாய் வந்தது முதலில் போகும், பழையது கடைசிவரை நிற்கும் என்று பிரான்சில் ரிபோ என்பவர் 1881இலேயே எழுதிவைத்தார். எல்லோருக்கும் அப்படியல்ல. இரண்டு மொழியும் ஒன்றாகத் தேய்ந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். அம்மாவுக்கு ரிபோ சொன்னபடியே நடந்தது. பிறகு தமிழிலும் பெயர்ச்சொற்கள் உதிர்ந்தன. கோப்பை, சீப்பு, போர்வை எல்லாம் போய், எல்லாவற்றுக்கும் 'உது' என்று ஒரே சொல் மிஞ்சியது. "உதை எடு பிள்ளை." அங்குமில்லாமல் இங்குமில்லாமல், கேட்பவருக்குப் பக்கத்தில் இருப்பதைச் சுட்டும் அந்த 'உ' தமிழ்நாட்டுப் பேச்சில் எப்போதோ போய்விட்டது; எங்களிடம்தான் இருக்கிறது. என் அம்மாவிடம் கடைசியில் அது மட்டும் இருந்தது. என் கைக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் போதும், அம்மா கேட்பது விளங்கிவிடும்.

முதியோர் இல்லமொன்றில் அவரை விட வேண்டி வந்தது. அங்கு தமிழ் தெரிந்தவர் யாருமில்லை. ஒரு சனிக்கிழமை நான் போனபோது தாதி சொன்னார், "இரண்டு நாளாக உங்கள் அம்மாவுக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை. தட்டைக் கொண்டுபோனால் 'நோ குட், நோ குட்' என்கிறார்." அம்மாவுக்கு ஆங்கிலம் திரும்ப வந்துவிட்டது என்று ஒரு கணம் நான் மகிழ்ந்தேன். இதை மறைக்க விரும்பவில்லை. அப்படி மகிழ்ந்துகொண்டே அறைக்குள் போனேன். அம்மா என் கையைப் பிடித்துச் சொன்னார். "நோகுது."

இடுப்பு எலும்பு வெடித்திருந்தது. இரண்டு நாள். விழுந்ததை யாரும் காணவில்லை. அந்தத் தாதியை நான் குறை சொல்லவில்லை, அவர் கேட்டதைத்தான் சொன்னார். ஊர் பேர் தெரியாத நோயாளிகளின் கட்டிலுக்கு மேலே அவர்களின் சொற்களை எழுதிப் பட்டியல் மாட்டிவைப்பது என் தொழில். என் அம்மாவின் கட்டிலுக்கு மேலே நான் அதைச் செய்யவில்லை. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியுந்தானே என்று இருந்துவிட்டேன்.

அன்று பின்னேரமே என் மகனை உட்கார்த்தி எழுதுவித்தேன். தண்ணி, பசிக்குது, குளிருது, நோகுது, இருட்டு, அம்மா. அவன் ஆங்கில எழுத்தில் எழுதி, பக்கத்தில் படம் கீறினான். ஒவ்வொன்றையும் சொல்லிப் பார்த்தான், நாக்குப் புரளவில்லை. 'அம்மா' எதற்கு என்று கேட்டான். சில இரவுகளில் அம்மம்மா தன் தாயைத் தேடுவார், அப்போது கையைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும் என்றேன். அதையும் எழுதினான். அம்மா பிறகு ஒன்றரை வருடம் இருந்தார். அவன் ஞாயிறுகளில் போய் அந்த ஆறு சொற்களோடும் அவரோடு இருந்துவிட்டு வருவான்.

வெளிநாடுகளில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அம்மா, அப்பா, மாமி நல்லாக இருக்கும்போதே அவர்களின் வாயிலிருந்து ஒரு இருபது சொல் எழுதிவையுங்கள். அகராதித் தமிழ் வேண்டாம், அவர்கள் உண்மையில் சொல்கிற மாதிரி. நோவுக்கு என்ன சொல்லுவார், கழிவறைக்கு என்ன சொல்லுவார், யாரைத் தேடுவார். உங்களுக்கும் ஒன்று எழுதி வையுங்கள்.

கடைசியாக ஒரு சிறு விஷயம். மண்டப வாசலுக்கு வலப்பக்கத்தில் 1974ஆம் ஆண்டு எங்கள் வகுப்புப் படத்தைப் பெரிதாக்கி ஒட்டியிருக்கிறோம். நாற்பத்தொரு பேர். வரவுப் பதிவேடு இடப்பெயர்வோடு போய்விட்டது. லண்டன், சிட்னி, கொழும்பு என்று ஆறு மாதமாக ஆளுக்காள் போன் பண்ணி நாற்பது பெயர் சேர்த்துவிட்டோம். மூன்றாம் வரிசையில் இடமிருந்து ஐந்தாவது, கமெராவைப் பார்க்காமல் பக்கத்தில் திரும்பிச் சிரிக்கிறவர். முகம் எங்கள் எல்லோருக்கும் தெரிகிறது. மழைக்காலத்தில் சைக்கிளில் வருவார், நனைந்த புத்தகங்களை யன்னலில் காயவைப்பார். பெயர் ஒருவருக்கும் வரவில்லை. இப்போது எங்கே, இருக்கிறாரா என்பதும் தெரியாது.

படத்துக்குக் கீழே மேசையில் பென்சில் கட்டியிருக்கிறது. சாப்பிடப் போகும் வழியில் ஒருமுறை பாருங்கள். பெயர் வராவிட்டால், முதல் எழுத்தையாவது எழுதிவிட்டுப் போங்கள்.