செய்தல், செய்வித்தல், உடன்படுதல்
(உத்தம க்ஷமைத் திருநாளன்று ஆற்றிய உரை)



பொறுமையைப் பற்றிப் பேசப் பணித்தீர்கள். அப்பாண்டைநாதர் எழுந்தருளியுள்ள திருநறுங்கொண்டை அமைந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கொண்டே பேசுகிறேன்.

கல்வராயன் மலைக்குக் கிழக்கே, சின்னசேலத்தை அடுத்தது கனியாமூர். அங்கே 2022 ஜூலை 13 அன்று, தனியார் பள்ளி விடுதியில் தங்கிப் பயின்ற பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர் இறந்து கிடந்தார். பெற்றோர் ஐயம் எழுப்பி நீதி கேட்டனர். அது அவர்தம் உரிமை. ஆனால் ஜூலை 17 அன்று திரண்ட பெருங்கூட்டம் பள்ளிக்குள் புகுந்தது. பேருந்துகள் எரிந்தன; வகுப்பறைகள் சூறையாடப்பட்டன; மாணவர்களின் சான்றிதழ்களும் தீக்கிரையாயின.

144 தடையுத்தரவு பிறந்தது. வழக்கு சி.பி.சி.ஐ.டி.யிடம் சென்றது. சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி ஜூலை 19 அன்று மறு உடற்கூறாய்வு நடந்தது. பள்ளி நிருவாகத்தினரும் ஆசிரியர்களுமாக ஐவர் கைதாகி, ஆகஸ்டில் பிணை பெற்றனர். கலவரத்திற்காக நூற்றுக்கணக்கானோர் கைதாயினர். அவர்களுள் படிக்கும் வயதினரும் இருந்தனர். நீதி கேட்டு எழுந்த குரல் ஒரு வழக்காக நிற்க, தீ வேறொரு வழக்கைப் பெற்றெடுத்தது. எரிந்த ஆவணம் எவருக்கும் சாட்சி சொல்லாது.

"நான் கல் எறியவில்லையே, கூட்டத்தில் நின்றேன், அவ்வளவே" என்பார் உண்டு. 2024 வரை நடைமுறையில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 149ஆம் பிரிவு அதை எளிதில் ஏற்கவில்லை. பொது நோக்கத்தோடு கூடிய சட்டவிரோதக் கூட்டத்தில் ஒருவர் செய்த குற்றம், அந்நோக்கத்தை நிறைவேற்றச் செய்யப்பட்டதாயின், அச்சட்டப்படி கூட்டத்தினர் ஒவ்வொருவரையும் பற்றியது. நம் ஆசாரியர்களோ அதற்கு நெடுங்காலம் முன்பே, செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றினாலும் வினை வந்து சேரும் என்றனர். சட்டம் எட்டாத இடத்தையும் வினை எட்டும்.

கையிலுள்ள கைப்பேசியை எண்ணிப் பாருங்கள். அந்நாள்களில் எத்தனை வதந்திகள்! இறந்த குழந்தையின் படத்தையும் பெயரையும் எத்தனை பேர் பரப்பினர்! பிறர் மறைவைப் புறத்தே விடுத்தலை வாய்மை அணுவிரதத்தின் அதிசாரங்களுள் ஒன்றாகத் தத்துவார்த்த சூத்திரம் கூறுகிறது. அனுப்பியவர் செய்தார், அனுப்பச் சொன்னவர் செய்வித்தார், விரும்பி மகிழ்ந்தவர் உடன்பட்டார்.

பொறுமை என்பது அநீதி கண்டு வாளாவிருத்தலன்று. மனு எழுதுங்கள், சாட்சி சொல்லுங்கள், நீதிமன்றப் படியேறுங்கள். மகளை இழந்த தாயின் அருகில் அமருங்கள். ஆனால் சினத்தை நீதியின் இருக்கையில் அமர்த்தாதீர்கள்.

பார்சுவநாதர் வரலாறு நாம் அறிந்ததே. மருபூதியாய்ப் பிறந்த பிறவியில், தம்மை வணங்க வந்த தம்பியின் தலையில் கமடன் கல்லைப் போட்டான். அப்பகை பிறவிதோறும் தொடர்ந்தது. இறுதியில் சம்பரனாய் வந்து பெருமழையும் கல்லும் பொழிந்தபோதும் பகவான் அசையவில்லை. பகை அங்கே அறுந்தது. சம்பரனும் மனந்திருந்தி வணங்கினான்.

இன்று இல்லம் திரும்பியதும் பிள்ளைகளிடம் இரண்டு சொல்லுங்கள். உள்ளத்தில் துன்பம் இருந்தால், எந்த மதிப்பெண்ணுக்கும் அஞ்சாது எங்களிடம் சொல் என்பது ஒன்று. உண்மை தெரியாத செய்தியை ஒருவருக்கும் அனுப்பாதே என்பது மற்றொன்று. இவ்விரண்டும் நம் வீடுகளில் நிலைத்தால், இத்திருநாள் பயனுடையதாகும்.

எவ்வுயிரும் இன்புறுக. அறம் வளர்க!