இடுப்பு வலி: ஓய்வா, நடையா?
(ஊரிகத்தில் நடைபெற்ற நமது சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நான் டாக்டர் அல்ல. பி.எஸ்ஸி. முடித்து, சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். எழுபதைத் தாண்டிய எனக்கும் இடுப்பு வலி பழக்கமான விருந்தாளிதான். படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

நம் ஊரில் இந்த விஷயத்தைப் பேசத் தனிக் காரணம் உண்டு. 3 கி.மீ.க்கும் அதிக ஆழமுள்ள சாம்பியன் ரீஃப் போன்ற சுரங்கங்களில் குனிந்து உழைத்தவர்களின் முதுகுதான் இந்த ஊரைத் தாங்கியது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கங்கள் மூடப்பட்டபின், அடுத்த தலைமுறையில் பலர் விடியுமுன் ரயிலேறி பெங்களூர் சென்று இரவில் திரும்புகிறார்கள். நம்மில் பலருக்கோ ஆயுள் முழுதும் ஆபீஸ் நாற்காலி. உழைப்பு வேறானாலும் வலி ஒன்றுதான்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட வலி. பெரும்பாலோருக்கு இன்னதுதான் காரணம் என்று சுட்ட முடிவதில்லை. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் 'டிஸ்க் தேய்மானம்' என்றிருந்தால் கலங்குகிறோம். வலியே இல்லாத 80 வயதுக்காரர்களிலும் 96 சதவீதம் பேருக்கு அது இருப்பதாக 2015-ல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. அதுவும் நரையைப் போன்றதே.

பயந்து படுத்தால் தசைகள் பலம் இழக்கும். பிறகு சிறு வேலைக்கும் வலிக்கும், பயம் வளரும். இந்தச் சுழலை உடைப்பதே மறுவாழ்வு சிகிச்சை.

2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் இதற்கென வழிகாட்டுதல் வெளியிட்டது. வலியைப் பற்றிய விளக்கம், உடற்பயிற்சி, மசாஜ், பயத்தையும் கவலையையும் குறைக்கும் மனப்பயிற்சி ஆகியவற்றை அது ஆதரிக்கிறது. பலர் நம்பும் இடுப்பு பெல்ட்டையும், எடை கட்டி இழுக்கும் டிராக்‌ஷனையும் வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை.

செலவில்லாத பயிற்சி நடைதான். ஆஸ்திரேலியாவில் வலி குணமாகியிருந்த 701 பேரிடம் செய்து 2024-ல் வெளியிட்ட ஆய்வில், படிப்படியாக நடையைக் கூட்டியவர்களுக்கு, அன்றாட வேலையைத் தடுக்கும் வலி திரும்ப சராசரியாக 208 நாட்கள் ஆயின, மற்றவர்களுக்கு 112.

பத்து நிமிஷம் முடிந்தால் பத்தில் ஆரம்பியுங்கள். வாரத்துக்கு ஓரிரு நிமிஷம் கூட்டுங்கள். வலி இல்லாத நாளில் ஒரேயடியாக நடந்து, வலித்த நாளில் அடியோடு விட்டுவிடுவது வேண்டாம். லேசான வலி என்றால் முதுகு கெடுகிறது என்று அர்த்தமல்ல.

ஆனால் சிறுநீர், மலம் கட்டுப்படாமை, தொடையிடுக்கில் மரத்துப்போதல், கால் பலமிழத்தல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். ஜுரம், காரணமின்றி எடை குறைதல், கீழே விழுந்தபின் வந்த வலி ஆகியவற்றுக்கும் டாக்டரைத் தாமதமின்றிப் பாருங்கள்.

"வலி எவ்வளவு குறைந்தது?" என்பதோடு நிற்காமல், "இன்று என்ன செய்ய முடிந்தது?" என்றும் கேளுங்கள். தரையில் உட்கார்ந்து எழுவதும், கடைக்குத் தனியே போய் வருவதும் பிறர் கையை எதிர்பாராத முதுமையல்லவா? மருமகளோ மகனோ அன்பினால், "நீங்கள் படுத்திருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பார்கள். அன்பை ஏற்றுக்கொள்ளுங்கள், படுக்கையை மட்டும் மறுத்துவிடுங்கள்.