குழந்தையைப் பார்க்கப் போறீங்களா?

இன்னைக்கு நான் செஞ்ச ஒரு தப்பைப் பத்திப் பேசப்போறேன்.

அக்காவுக்குக் குழந்தை பிறந்து நாற்பது நாள். எனக்கு லேசா மூக்கு ஒழுகிட்டு இருந்தது. 'வெறும் சளிதானே'ன்னு போய்த் தூக்கிக் கொஞ்சினேன், முத்தமும் கொடுத்தேன். அஞ்சாம் நாள் அவன் பால் குடிக்கலை. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தது. அக்கா ஒரு நிமிஷம் எண்ணிப் பார்த்தா, 68 மூச்சு. இரண்டு மாதம்கூட ஆகாத குழந்தைக்கு 60 வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

டெஸ்டில் ஆர்.எஸ்.வி. வைரஸ். 1956-இல் சளி பிடித்த சிம்பன்சிகளிடம் முதன்முதலில் கண்டுபிடிச்சதாம்! நமக்கு அது ஜலதோஷம். பச்சிளம் குழந்தைக்கோ நுரையீரலின் நுண்குழாய்கள் வீங்கி அடைச்சுக்கும். ஆன்டிபயாடிக் இதுக்கு வேலை செய்யாது. நாலு நாள் ஆக்சிஜன்ல இருந்தான். இப்போ நல்லா இருக்கான்.

'நீதான் கொடுத்தியா'ன்னு யாரும் கேட்கலை. கேட்டிருந்தா பரவாயில்லைன்னு இருந்தது.

இருமல், தும்மலில் மட்டும் இது பரவாது. தொட்டில் கம்பி மாதிரி இடங்கள்ல மணிக்கணக்கா இருக்கும். சளி இருந்தா ஒரு வாரம் கழிச்சுப் போங்க, அதுவரைக்கும் வீடியோ கால் போதும். போயே ஆகணும்னா மாஸ்க் போட்டு, சோப்பால கை கழுவிட்டுப் போங்க. முத்தம் வேண்டவே வேண்டாம்.

அம்மா இப்போ வாசல்லயே சோப்பு வெச்சிருக்காங்க. நான் போனா முதல்ல என் மூக்கைத்தான் பார்க்கிறாங்க.