கிருஷ்ணனின் கீர்த்தி ஊதிப் பெருக்கியதா?

சென்ற காணொளியில் விம்பிள்டனைப் பற்றிப் பேசிக்கொண்டு போகையில் டென்னிஸ் ஆட்டக்காரர் ராமநாதன் கிருஷ்ணனின் பெயரை ஓரிடத்தில் நான் சொன்னதைக் கேட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் எழுதியிருக்கிறார்: "ஐயா, அந்தக் காலத்தில் நிஜமான சூரர்களெல்லாம் பணத்துக்கு ஆடப் போய்விட்டார்கள், மிச்சம் இருந்தவர்களோடு ஆடி இரண்டு தடவை அரையிறுதிக்கு வந்ததை நாம் இவ்வளவு கொண்டாடலாமா? ஊதிவிட்ட பெயர்தானே இதுவும்?"

நான் இருக்கும் ராஜபாளையத்துக்கும் அந்த மாணவரின் ஊருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான்; இந்த இரண்டு ஊர்க்காரர்களுக்கும் கீர்த்தியைப் பற்றிய வழக்கு புதிதன்று. பால் வெண்மையான உடலும் இளஞ்சிவப்பு மூக்குமாய் நிற்கும் ராஜபாளையம் நாயின் பெயரை, வெளுத்த நாய் எதற்கும் சூட்டி விற்கிறவர்கள் உண்டு. விறகடுப்பின் மேல் அகன்ற சட்டியில் பாலும் சர்க்கரையும் சுண்டச் சுண்ட, கைவிடாமல் கிண்டிக் கிண்டி இறக்குகிற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவின் பெயரும், எங்கெங்கோ அடைத்த பெட்டிகளின் மேல் ஏறி ஊர் ஊராய்ப் போகிறது. போலி பெருகப் பெருக, ஜனங்களுக்கு அசலின் மேலேயே சந்தேகம் பிறந்துவிடுகிறது. விளம்பரமும் சினிமாவும் சேர்ந்து ஆட்டக்காரர்களின் பெயரைப் பெருக்கிக் காட்டுகிற இந்நாளில் வளர்ந்த பிள்ளை, பழைய பெயர் ஒன்றைக் கேட்டவுடன் உரைகல்லைத் தேடுவதில் எனக்கு வருத்தமில்லை. உரைத்தே பார்ப்போம்.

பூர்வ கதையை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1937இல் நாகர்கோவிலில் பிறந்தவர். குடும்பம் தென்காசியைச் சேர்ந்தது, அதாவது எங்கள் ஊர்ச் சாலையிலேயே தெற்கே புளியங்குடி, கடையநல்லூர் தாண்டிப் போனால் வருகிற ஊர். குருவும் தந்தையுமாய் இருந்தவர் டி.கே. ராமநாதன். 1954இல் ஆஷ்லி கூப்பரை வென்று விம்பிள்டன் சிறுவர் பட்டத்தைப் பெற்ற முதல் ஆசியர். 1960, 1961 ஆகிய இரு வருஷங்களிலும் விம்பிள்டன் அரையிறுதி. 1962இல் நான்காம் தரவரிசை; ஆனால் கணுக்கால் காயத்தால் பாதியில் விலக நேர்ந்தது.

மாணவரின் ஆட்சேபத்தில் உண்மை இல்லாமலில்லை. 1968க்கு முன்னால் விம்பிள்டன் அமெச்சூர்களுக்கு மட்டுமே உரியது; பணம் பெற்று ஆடுகிறவர் அங்கே காலெடுத்து வைக்க முடியாது. கோன்சாலஸ், ரோஸ்வால், லூ ஹோட் முதலிய மகாசூரர்கள் வெளியேதான் இருந்தார்கள். அந்தப் பக்கத்தின் பலம் எத்தகையது என்றால், 1962இல் நான்கு பெரும் பட்டங்களையும் ஒருசேர வென்ற ராட் லேவரே, மறுவருஷம் தொழில்முறைக்குள் நுழைந்தவுடன் ஹோடிடமும் ரோஸ்வாலிடமும் வரிசையாகத் தோற்றார். கிருஷ்ணன் இரண்டு அரையிறுதிகளிலும் நேர் செட்டுகளில் தோற்றார் என்பதும், அவருடைய சர்வீஸில் வேகம் குறைவு என்பதும் மறைக்க வேண்டியவை அல்ல.

ஆனால் கழிப்பதென்றால் எல்லோருக்கும் ஒரே படியால் கழிக்க வேண்டாமா? ராய் எமர்ஸன் வென்ற பன்னிரண்டு பெரும் ஒற்றையர் பட்டங்களும் 1961க்கும் 1967க்கும் இடையே, அதே அமெச்சூர் களத்தில் கிடைத்தவை. 2000இல் சாம்ப்ராஸ் அதைத் தாண்டும்வரையில் ஆண்களில் அதுவே சாதனை என்று உலகம் ஏட்டில் எழுதி வைத்திருந்தது. அந்த எமர்ஸனைத்தான் 1961 விம்பிள்டன் காலிறுதியில் 6-1, 6-4, 6-4 என்று கிருஷ்ணன் வென்றார். 1959இல் குவீன்ஸ் கிளப் பட்டத்தை நீல் ஃப்ரேஸரை வீழ்த்திப் பெற்றார். அதே வருஷம் விம்பிள்டன் இறுதியில் ஆடிவிட்டு வந்த லேவரை, சில வாரங்களுக்குள் டேவிஸ் கோப்பையில் தோற்கடித்தார். தொழில்முறை வட்டத்தை நடத்திய ஜாக் கிராமரும் அவ்வாண்டிலேயே, மூன்று வருஷங்களுக்கு 1,50,000 டாலர் தருவதாகக் கிருஷ்ணனை அழைத்தார். கூட்டம் சேர்க்க முடியாத ஆட்டக்காரருக்குக் காசைக் கொட்டுகிறவரல்லர் கிராமர். போயிருந்தால் செல்வம் வந்திருக்கும். இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பை ஆடுகிற உரிமை போயிருக்கும். கிருஷ்ணன் போகவில்லை.

போகாததால் என்ன நடந்தது என்பதுதான் எனக்கு எத்தனை முறை சொன்னாலும் அலுக்காத கட்டம். 1966 டிசம்பர், கல்கத்தா சவுத் கிளப் புல்தரை. பிரேஸிலோடு இந்தியா இரண்டுக்கு இரண்டு என்று சமமாய் நிற்கிறது. கடைசி ஆட்டத்தில் வெல்கிற தேசம் டேவிஸ் கோப்பை இறுதிக்குப் போகும். எதிரே இருபத்தொரு வயதுத் தாமஸ் கோஷ், இடதுகைக்காரர், வேகமுள்ளவர். நம்மவருக்கு வயது இருபத்தொன்பது. முதல் செட் 3-6 என்று போகிறது. இரண்டாவதை 6-4 என்று மீட்கிறார். அக்காலத்தில் டை-பிரேக்கர் கிடையாது. இரண்டு கேம் வித்தியாசம் வரும்வரை ஆடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். மூன்றாவது செட் இருபத்திரண்டு கேம்கள் நீண்டு, அத்தனை உழைப்பையும் வாங்கிக்கொண்டு 10-12 என்று கைநழுவிப் போகிறது. நான்காவதில் கோஷ் 5-2 என்று முந்தி நிற்கிறார். இன்னும் ஒரே கேம். பிரேஸில் இறுதியாட்டத்துக்காக மெல்போர்னுக்குக் கப்பலேறிவிடும்.

அந்த இடத்தில் கிருஷ்ணன் தம் ஆட்டத்தின் சுபாவத்தை மாற்றவில்லை என்பதே என்னை ஆச்சரியப்படுத்துகிறது. அடித்து நொறுக்குகிற பலம் அவருக்கு என்றுமே இருந்ததில்லை. பந்து தரையைத் தொட்டு எழும் அந்தக் கணத்திலேயே மட்டையை மெல்லக் கொடுத்து, எதிராளி விட்டுவந்த இடத்துக்கு அதை அனுப்பிவைக்கிற கைப்பக்குவந்தான் அவருடைய முழு ஆஸ்தி. அதை வைத்துக்கொண்டே ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து கேம்கள் எடுத்து 7-5 என்று செட்டை மீட்டார்; ஐந்தாவது செட் 6-2. இந்தியா முதன்முறையாக டேவிஸ் கோப்பை இறுதிக்குள் நுழைந்தது.

ஆகவே, மாணவத் தம்பி, இப்படிக் கணக்கிட்டுப் பாருங்கள்: பெரும் பட்டம் எதையேனும் வென்றவர் என்று யாராவது சொன்னால் அது ஊதல், அதை மறுத்துவிடுங்கள். பலமற்ற காலத்தில் பெயர் வாங்கியவர் என்று சொன்னால், எமர்ஸனின் பன்னிரண்டையும் லேவரின் 1962ஆம் வருஷத்தையும் முதலில் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். வெள்ளைக்காரருக்கு ஏட்டில் நிற்கிற வெற்றி, தென்காசிக்காரருக்கு மட்டும் தள்ளுபடி ஆவது எந்த நியாயம்?

மெல்போர்ன் இறுதியில் ஆஸ்திரேலியா 4-1 என்று வென்றது. அந்த ஒன்று, முந்திய ஆண்டுதான் விம்பிள்டன் இரட்டையர் பட்டம் வென்றிருந்த நியூகோம்ப்-ரோச் ஜோடியை, அவர்கள் சொந்தப் புல்தரையிலேயே, முதல் செட்டை இழந்த பிறகு கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியாவும் வென்றது.